எட்டு கிராம் காகிதம்

ஆராய்ச்சி நிறுவனங்களில் ‘அனிமல் ஹவுஸ்’ என்று அழைக்கப்படும் விலங்குக் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் உணர்வது குளிரைத்தான். வெளியே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொட்டாலும் உள்ளே 22 டிகிரி. மேலங்கி, முகக்கவசம், கையுறை, தலையுறை எல்லாம் அணிந்துகொண்டு கூண்டு கூண்டாக மாற்றுகிற ஊழியர்களுக்கு அந்தக் குளிர் வேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துக் கொட்டிவிடும். ஆனால், அந்த அறையில் இரவும் பகலும் குடியிருப்பவர்கள் அவர்கள் அல்லர். அலமாரிகளில் வரிசையாக அடுக்கப்பட்ட பிளாஸ்டிக் கூண்டுகளில் இருக்கும் சுண்டெலிகள்தாம் அங்கே குடியிருப்பவை.

வளர்ந்த சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம். உடல் சிறுத்தால் எடைக்குத் தோலின் பரப்பு அதிகம். உள்ளே உண்டாகும் சூடு விரைவில் வெளியேறிவிடும். சூடேற்றுவதற்கென்று தனியாக ஆற்றலைச் செலவிடாமல் அது நிம்மதியாக இருக்க வேண்டுமானால், சுற்றியுள்ள காற்று 30 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 22 டிகிரி அறையில் அது தின்னும் தீனியில் ஏறக்குறையப் பாதி, உடலைச் சூடாக வைத்துக்கொள்வதற்கே எரிந்துபோகிறது. இதயம் ஓயாமல் விரைந்து துடிக்கிறது. சென்னையின் கோடை இரவு நமக்குப் புழுக்கம். சுண்டெலிக்கு அதுதான் சுகம். மின்சாரத்தைக் கொட்டிக் குளிரூட்டி, அந்தச் சுகத்தை நாம் அதற்கு இல்லாமல் செய்கிறோம்.

விலங்குச் சோதனையே கூடாது என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் வலுவானவை. மனிதத் திசுக்களைக் கொண்டும் கணினி மாதிரிகளைக் கொண்டும் செய்யும் சோதனைகளை மருந்து அனுமதிக்கு ஏற்கும் வகையில் 2023இல் இந்திய அரசு விதிகளைத் திருத்தியதும் நல்ல தொடக்கம். அந்த விவாதம் நடக்கட்டும். அதன் முடிவு வரும் வரை காத்திருக்க முடியாத ஒரு காரியம் இருக்கிறது. இன்று இந்த நிமிடம் கூண்டுக்குள் இருக்கும் எலி எப்படி வாழ வேண்டும் என்பதை மனிதரின் வசதி தீர்மானிக்கக் கூடாது. எலியிடம் கேட்டு அதன்படி செய்ய வேண்டும். கேட்க முடியும். கேட்டிருக்கிறார்கள். பதிலும் கிடைத்திருக்கிறது. அந்தப் பதிலை நடைமுறைக்குக் கொண்டுவருவதில்தான் நாம் அசட்டையாக இருக்கிறோம்.

எலியிடம் எப்படிக் கேட்பது? இந்தக் கலை தொடங்கியது கோழிப் பண்ணையில். கூண்டில் அடைத்து வளர்க்கப்படும் பண்ணை விலங்குகளின் நிலை பற்றி ஆராய பிரிட்டன் அரசு அமைத்த பிராம்பெல் குழு 1965இல் அறிக்கை தந்தது. கோழிக் கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலை போடக் கூடாது, கோழிக்குக் கால் வலிக்கும் என்பது அதிலிருந்த பரிந்துரைகளில் ஒன்று. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டார்கள். குழு வேண்டாம் என்று ஒதுக்கிய மெல்லிய வலையைத்தான் கோழிகள் விரும்பின. கால் பல இடங்களில் பதிந்து நிற்க அது வாகாக இருந்தது. இரக்கம் மட்டும் போதாது, இரக்கப்படுகிறவரின் ஊகம் தவறிப்போகலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் மேரியன் டாக்கின்ஸ் போன்றவர்கள் இந்த முறையைக் கூர்மைப்படுத்தினார்கள். ஒரு விலங்குக்கு ஒன்று பிடிக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிய வேண்டும். சந்தையில் நாம் செய்வதுதான். விலை ஏறினால் சில பொருள்களை விட்டுவிடுவோம், அரிசியை விடமாட்டோம். விலங்குக்கும் விலை வைக்கலாம். நெம்புகோலைப் பத்து முறை அழுத்தினால் திறக்கும் கதவை நாற்பது முறை அழுத்தினால்தான் திறக்கும் என்று மாற்றலாம். விலையை ஏற்றிக்கொண்டே போனாலும் அது எதை விடவில்லையோ, அதுதான் அதன் தேவை. பிரிஸ்டலில் கிறிஸ் ஷெர்வின் சுண்டெலிகளை இப்படிச் சோதித்தார். கூடுதல் இடத்துக்காகவும் ஓடுசக்கரத்துக்காகவும் அவை சலிக்காமல் நெம்புகோலை அழுத்தின.

ஓடுசக்கரம் என்றதும் ஒரு சந்தேகம் எழும். கூண்டில் அடைபட்டுப் பித்துப்பிடித்த எலிதானே சக்கரத்தில் ஓடும்? லைடன் நகரத்தின் யொஹானா மெயர் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் நகரின் பசுமைப் பகுதியிலும் மணற்குன்றுப் பகுதியிலும் சக்கரங்களைத் திறந்தவெளியில் வைத்துக் கேமரா பொருத்தினார். யாரும் அடைக்காத காட்டுச் சுண்டெலிகள் தாமாக வந்து ஏறி ஓடின; இறங்கிப் போய்விட்டுத் திரும்ப வந்தும் ஓடின. தவளைகூட ஏறிப் பார்த்தது. 2014இல் வெளியான அந்தக் கட்டுரையைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஓடுவதில் சுண்டெலிக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால், சுண்டெலி எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பது சக்கரம் அன்று. கூடு கட்ட ஏதாவது ஒன்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில் ஹெலீன் வான் டெ வீர்டும் வேரா பவ்மான்ஸும் குழாயால் இணைத்த கூண்டுகளில் எலிகளை விட்டு, ஒவ்வொரு கூண்டிலும் எவ்வளவு நேரம் இருக்கின்றன என்று பதிவுசெய்தார்கள். மரச் சீவலைவிட மெல்லிய காகிதத்தையும் டிஷ்யூவையும் அவை விரும்பின. ஆயத்தமாகச் செய்து வைத்த கூடுபெட்டியைவிடத் தாமே கிழித்துக் கூடு கட்டும் பொருளை விரும்பின. கட்டிக்கொடுத்த வீடு இரண்டாம்பட்சம், கட்டுவதற்குச் சாமான் முதலில்.

இதில் வியப்பு இல்லை. கூடு கட்டுவது அவற்றின் ரத்தத்தில் ஊறியது. இன்றைக்கு உலகம் முழுவதும் ஆய்வகங்களில் இருக்கும் சுண்டெலிகளில் பெரும் பகுதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரான்பி என்ற சிற்றூரில் ஏபி லாத்ரப் என்ற பெண்மணி 1900களின் தொடக்கத்தில் ஆசைக்காக வளர்ப்போருக்கு விற்ற எலிகளின் வழித்தோன்றல்கள். ஆசிரியப் பணியை விட்டுவந்த அவர், கொட்டகையில் எலி வளர்த்தார். அவரது 57ஆம் எண் பெண் எலியிலிருந்து கிளாரன்ஸ் லிட்டில் 1921இல் உருவாக்கிய கறுப்பு இனம்தான் இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் சி57 பிளாக் 6. நூறாண்டுக்கு மேலாக, நூற்றுக்கணக்கான தலைமுறைகளாக அண்ணன் தங்கையைச் சேர்த்துச் சேர்த்து வளர்த்த இனம். வயலையும் வரப்பையும் கண்டதே இல்லை. ஆனாலும் ஒரு கைப்பிடிக் காகித நறுக்கைப் போட்டால், ஆணானாலும் பெண்ணானாலும், பல்லால் கிழித்து, இழுத்து வந்து, நடுவில் உட்கார்ந்து, சுற்றிலும் சுவர் எழுப்பி, மேலே கூரையும் மூடிவிடுகிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நூறு ஆண்டு உள்ளினப் பெருக்கத்தால் அழிக்க முடியாத பழக்கத்தை, ஒரு வெற்றுக் கூண்டில் அடைத்து நாம் முடக்கிவைக்கிறோம்.

இந்தக் கூடுதான் குளிருக்கும் மருந்து. அமெரிக்காவில் பிரையன்னா காஸ்கிலும் ஜோசப் கார்னரும் வெவ்வேறு வெப்பநிலைக் கூண்டுகளில் எலிகளைத் தேர்ந்தெடுக்க விட்டபோது, ஓய்வு நேரத்தில் அவை வெப்பமான கூண்டைத் தேடிப் போயின. அறையைச் சூடாக்கிவிட்டால் போதுமா என்றால், அதுவும் சரிப்படாது. ஓடியாடும்போது எலிக்குக் கொஞ்சம் குளிர்ச்சி வேண்டும்; உறங்கும்போது சூடு வேண்டும்; பெண் எலிகள் ஆண்களைவிட அதிகச் சூட்டை நாடுகின்றன. எந்த ஒரு வெப்பநிலையும் எல்லா எலிக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்தாது. தவிர, அறைச் சூடு ஏறினால் சிறுநீர் நெடி கூடும், ஊழியர்களும் தாங்கமாட்டார்கள். கூடு இருந்தால் எலி தன் சூட்டைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்ளும். சுருட்டிய காகித நறுக்கு எட்டு முதல் பத்து கிராம் கொடுத்தால் நல்ல கூடு கட்ட அதற்குப் போதும். அப்படிக் கொடுத்த கூண்டுகளில் குட்டிகள் அதிகம் பிழைத்தன, எடை கூடின என்பதைக் காஸ்கில் குழு 2013இல் காட்டியது. சூட்டுக்குச் செலவாகாத தீனி குட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது மனிதர்கள் தங்களுக்காகச் சொல்லிக்கொண்ட பழமொழி. எலி அப்படி நினைப்பதில்லை. பெண் சுண்டெலிகள் ஒன்றன்மேல் ஒன்று அண்டிப் படுத்து உறங்கும். ஒரே கூட்டில் குட்டி போட்டுப் பொதுவாகப் பால் கொடுக்கும். ஒற்றையாக அடைப்பது அவற்றுக்குக் குளிராலும் தனிமையாலும் இரட்டைத் துன்பம். ஆண்கள் சேர்ந்தால் சண்டை வரும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சண்டையிலும் நம் பங்கு இருக்கிறது. வாராவாரம் கூண்டைப் பளிச்சென்று மாற்றும்போது, யாருடைய எல்லை எது என்று வாசனையால் அவை எழுதி வைத்த ஒப்பந்தம் அழிந்துபோகிறது. புதிதாகச் சண்டையிட்டு மறுபடி எழுதுகின்றன. பழைய கூட்டின் நறுக்கை மட்டும் புதுக் கூண்டுக்கு மாற்றிப்போட்டால் சண்டை குறைகிறது என்று உட்ரெக்டில் பாஸ்கல் வான் லூ கண்டறிந்தார். இதற்கு ஒரு காசு செலவில்லை.

எலிக்காக இரங்காதவர்களும் கேட்க வேண்டிய பகுதி இனிமேல் வருகிறது. வசதியற்ற எலி, அறிவியலுக்குப் பொய்ச் சாட்சி சொல்கிறது.

சர்க்கரை நோயும் உடற்பருமனும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உடலில் பழுப்புக் கொழுப்பு என்ற திசு சூட்டை உண்டாக்கும். அதற்கு யூசிபி1 என்ற புரதம் தேவை. அந்தப் புரதமே இல்லாத எலிகளை 1997இல் உருவாக்கிப் பார்த்தார்கள். அவை குளிரைத் தாங்கவில்லை. ஆனால் குண்டாகவும் இல்லை. ஆகவே உடற்பருமனுக்கும் இந்தப் புரதத்துக்கும் தொடர்பில்லை என்ற முடிவு நிலைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2009இல், ஸ்டாக்ஹோமில் பார்பரா கேனனும் யான் நெடர்கார்டும் அடங்கிய குழு அதே எலிகளை 30 டிகிரியில் வைத்தது. குண்டாகிவிட்டன. சாதாரண அறை வெப்பநிலையில் அவை வேறு வழிகளில் சூடேற்றத் தீனியை எரித்துத் தீர்த்ததால், உண்மை அதுவரை மறைந்திருந்தது. தவறு புரதத்திலோ கணக்கிலோ இல்லை. ஏசி வைத்த அளவில் இருந்தது.

புற்றுநோய் ஆய்விலும் இதே கதை. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிறுவனத்தில் எலிசபெத் ரெபாஸ்கியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், 22 டிகிரியில் வளர்ந்த எலிகளைவிட 30 டிகிரியில் வளர்ந்த எலிகளிடம் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன, பிற உறுப்புகளுக்குப் பரவுவதும் குறைந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் வலுவாகப் போராடின. தேர்வு செய்ய விட்டபோது, கட்டி வந்த எலிகள் நலமான எலிகளைவிட வெப்பமான இடத்தை நாடிப் போயின. காய்ச்சல்காரர் போர்வையைத் தேடுவதுபோல. அந்தப் போர்வையை மறுத்துவிட்டு, அவற்றின் உடலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று நாம் அளந்துகொண்டிருக்கிறோம்.

ஜெசிகா கெய்ட்டும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜியா மேசனும் 2022இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிறிய வெற்றுக் கூண்டில் வளரும் எலிகளுக்குப் புற்றுநோய், இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவை கூடுதல் கடுமையாக இருந்தன, ஆயுளும் குறைந்தது. அட்டைத் துண்டும் குழாயும் போட்ட கூண்டில் ஹண்டிங்டன் நோய் எலிகளுக்கு இயக்கக் கோளாறு தள்ளிப்போனதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்கள். வெற்றுக் கூண்டின் எலியை ‘சாதாரண எலி’ என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும். அது நோயுற்ற எலி. கம்பியை மணிக்கணக்கில் கடிப்பதும், ஒரே மூலையில் குட்டிக்கரணம் போடுவதும், கூட இருக்கும் எலியின் மீசையைக் கத்தரித்துத் தின்பதும் அதன் இயல்பு அன்று.

எலியைத் தூக்கும் விதத்திலும் இதே பிழை. வாலைப் பிடித்துத் தூக்குவதே தலைமுறை தலைமுறையாகக் கற்றுத்தரப்பட்ட வழி. லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்டும் 2010இல் அதைச் சோதித்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட எலிகள் மனிதக் கையைக் கண்டாலே ஒதுங்கின. குழாய்க்குள் நுழைய விட்டுத் தூக்கியவையும், இரு கைகளைக் குழித்து ஏந்தியவையும், தாமாகவே கையருகே வந்து முகர்ந்தன. பின்னர் 2017இல் வந்த ஆய்வில், வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட எலிகள் சோதனைக் களத்தில் சுற்றிப் பார்க்கவே தயங்கின. ஒரு வாசனைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரிவதாகவே அவை காட்டவில்லை. அதே இனத்தில் குழாயில் தூக்கப்பட்டவை தெளிவாகக் காட்டின. நினைவாற்றல் மருந்து ஒன்றைச் சோதித்திருந்தால், முதல் கூட்டத்தை வைத்து ‘மருந்து பயனற்றது’ என்று எழுதியிருப்பார்கள். பயத்தை மறதி என்று எண்ணியிருப்பார்கள். ஒரு பிளாஸ்டிக் குழாயின் விலை என்ன?

மறுப்புகள் இல்லாமல் இல்லை. எல்லாக் கூண்டும் ஒன்றுபோல் இருந்தால்தான் முடிவுகளை ஒப்பிட முடியும், காகிதத்தையும் குழாயையும் போட்டால் முடிவுகள் சிதறும் என்கிறார்கள். 1999இல் போர்ட்லாண்ட், ஆல்பனி, எட்மன்டன் ஆகிய மூன்று நகர ஆய்வகங்கள் ஒரே இன எலிகளை, ஒரே கருவியில், ஒரே நேரத்தில் சோதித்தன. இயன்றவரை அனைத்தையும் ஒன்றாக்கினார்கள். முடிவுகள் அப்போதும் மாறின. வெற்றுக் கூண்டு தரும் ஒற்றுமை கற்பனை. ஹன்னோ வூர்பெல் உள்ளிட்ட குழு 2004இல், கூண்டை வளப்படுத்தியதால் முடிவுகளின் சிதறல் கூடவில்லை என்று காட்டியது. எலி கூட்டுக்குள் ஒளிந்தால் தினசரி நலம் பார்க்க முடியாது என்பது ஊழியர்களின் கவலை, நியாயமானதே. ஆனால் கூடே ஒரு கண்ணாடி. வலியில் இருக்கும் எலி கூட்டைக் கவனிக்காது. புதிதாக ஒரு நறுக்கைப் போட்டால் நலமான எலி சில நிமிடங்களில் அதை எடுத்துக் கூட்டில் செருகிவிடும், நோயுற்றது விட்டுவிடும். அனுபவமுள்ள பராமரிப்பாளர் எலியைத் தொடாமலே இதைப் படித்துவிடுவார்.

உலகில் சட்டங்கள் ஒன்றுபோல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு ஆணை சுண்டெலியையும் காக்கிறது. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டமோ, ஆய்வுக்கென்று வளர்க்கப்படும் எலி, சுண்டெலி, பறவை மூன்றும் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் வராது என்று 2002இல் திருத்தப்பட்டது. நம் நாட்டுச் சட்டம் அந்த இழிவைச் செய்யவில்லை. அதில் தமிழகத்துக்கும் பங்குண்டு. கலாக்ஷேத்ரா நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்து. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் அடைப்பதே வதை என்கிறது அந்தச் சட்டம். ஆய்வுகளைக் கண்காணிக்கத் தனிக் குழுவையும், பின்னர் 1998 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழுவையும் அது தந்தது.

அந்தக் குழுக்களின் மேசைக்கு வரும் விண்ணப்பத்தில் எத்தனை எலி, என்ன மருந்து, மயக்கம் கொடுப்பார்களா, எப்படி முடிப்பார்கள் என்பதையெல்லாம் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். சோதனை நடக்கும் சில மணி நேரத்தைப் பற்றிய கேள்விகள் அவை. எலியின் மீதி வாழ்நாள், அதாவது ஏறக்குறைய முழு வாழ்நாளும், கூண்டில் கழிகிறது. அந்தக் கூண்டின் தரையில் உமியோ மக்காச்சோளக் கட்டைத் துகளோ பரப்பினால் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அதில் கூடு கட்ட முடியாது. சிறிய கல்லூரிகளின் அனிமல் ஹவுஸ்களில் பணம் குறைவு என்பது எனக்குத் தெரியும். காற்றோட்டக் கூண்டும் தானியங்கிக் கழுவும் இயந்திரமும் அவர்களால் வாங்க முடியாது. தூய்மையாக்கிய காகித நறுக்கும், குழாய்த் துண்டும், வாலைப் பிடிக்காத கையும் எந்தக் கல்லூரிக்கும் எட்டாதவை அல்ல.

நெறிமுறைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், சமூகப் பிரதிநிதிகள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கோப்பில் கையெழுத்திடும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த எலிகள் கூடு கட்ட என்ன கொடுக்கிறீர்கள்? இவற்றை எப்படித் தூக்குகிறீர்கள்? சரியான பதில் வரும் வரை கையெழுத்திடாதீர்கள்.